கதர் உடுத்தியதால் பட்டம் இழந்த டாக்டர்

இந்த மலருக்கு யார் எதை எழுதுவது என்று சங்கக் கூட்டத்தில் பேச்சு வந்தபோது, ஈரல் புற்றுநோய், கணையப் புற்றுநோய் இரண்டைப் பற்றியும் ஒரு கட்டுரை கட்டாயம் வேண்டும் என்று நண்பர்கள் சொன்னார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும். போன சந்திப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து சத்தமாகச் சிரித்துக் கொண்டிருந்த இரண்டு பேர் இந்தத் தடவை வரப்போவதில்லை. ஒருத்தருக்குக் கணையம், இன்னொருத்தருக்கு ஈரல். என்ன மருந்து கொடுத்தாங்க, இவ்வளவு செலவு பண்ணியும் ஏன் கேக்கலை என்று அன்றைக்கு ஆளாளுக்குக் கேட்டார்கள்.

நான் டாக்டர் இல்லை. வேதியியல் படித்துவிட்டு நூலும் சாயமுமாகக் காலத்தை ஓட்டியவன். அதனால் எனக்குத் தெரிந்த வழியில் பதில் சொல்கிறேன். ஒரு மனிதரின் கதையைச் சொன்னால் அந்தக் கேள்விகளில் பாதிக்குப் பதில் வந்துவிடும். மீதிப் பாதிக்கு மருத்துவ உலகத்திடமே இன்னும் முழுப் பதில் இல்லை.

பிராக்டிகல் வகுப்பு ஞாபகம் இருக்கிறதா? பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிக்க, மாலிப்டேட் கரைசலைச் சேர்த்ததும் சோதனைக் குழாயில் மெல்ல ஒரு நீலம் ஏறும். நம்ம சாயப்பட்டறை நீலம் மாதிரி அடர்த்தியாக இராது, வெளிர்நீலம். ரெக்கார்டு நோட்டில் ‘ஃபிஸ்கே - சுப்பாராவ் முறை’ என்று தலைப்பு எழுதினோம். சுப்பாராவ் யார் என்று நாம் கேட்கவில்லை, வாத்தியாரும் சொல்லவில்லை. ஃபிஸ்கே வெள்ளைக்காரர். சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் முழுப் பட்டம் கிடைக்காமல் வெளியே வந்த ஒரு மாணவர்.

எல்லாப்ரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12-ஆம் தேதி பீமாவரத்தில் பிறந்தார். இன்றைக்கு அது ஆந்திரம், அன்றைக்கு நாமும் அவர்களும் ஒரே சென்னை ராஜதானி. அப்பா ரெவின்யூ இலாகாவில் சின்ன உத்தியோகம். ஏழு பிள்ளைகள், வீட்டில் வறுமை. பையன் பதின்மூன்று வயதில் வீட்டை விட்டு ஓடிவிட்டான். காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றால் பணக்காரன் ஆகிவிடலாம் என்று யோசனை! வழியிலேயே பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். படிப்பும் சுலபமாக ஓடவில்லை. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் மூன்றாவது முயற்சியில்தான் மெட்ரிகுலேஷன் தேறினார். அப்புறம் மாநிலக் கல்லூரி. அந்த நாளில் மனம் ராமகிருஷ்ண மடத்தின் பக்கம் போயிற்று. சந்நியாசம் வாங்கிக்கொள்ளக் கிளம்பிவிட்டார். அம்மா வெங்கம்மா சம்மதிக்கவில்லை. மடத்துக்காரர்களே, சேவை செய்ய ஆசை என்றால் வைத்தியம் படிக்கலாமே என்று திருப்பி அனுப்பினார்கள். சிநேகிதர்கள் உதவியிலும், பிற்பாடு மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியின் பண உதவியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1919-இல் திருமணம். மனைவி பெயர் சேஷகிரி.

இங்கேதான் கதர் வருகிறது.

காந்தியடிகள் அந்நியத் துணியை விடச் சொன்ன நேரம். சுப்பாராவ் கதர் உடுத்த ஆரம்பித்தார். அறுவை சிகிச்சை வகுப்புக்கும் கதரில் தைத்த கோட்டுதான். அந்தக் காலத்தில் கதர் என்றால் என்ன அர்த்தம் என்று நம்மூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அகில பாரத சர்க்கா சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளைக்குத் தலைமையிடமே நம்ம திருப்பூர்தான். சுற்றுவட்டார கிராமங்களில் நூற்ற நூலும் நெய்த துணியும் இங்கே வந்துதான் வெளியூர் போயின. 1932 ஜனவரியில் இதே ஊர் வீதியில் கொடியைப் பிடித்தபடி அடிபட்டு விழுந்தார் குமரன். பனியனுக்கு முந்தி நம்ம ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கதர்தான் என்றால் மிகையாகாது. ஒரு முழம் துணி அன்றைக்கு ஆட்சிக்கு எதிரான அறிவிப்பு.

அறுவை சிகிச்சைப் பேராசிரியரான வெள்ளைக்காரருக்கு அந்தக் கோட்டு பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளைச் சுப்பாராவ் நன்றாகவே எழுதியிருந்தார். ஆனாலும் கையில் கிடைத்தது எம்.பி.பி.எஸ். இல்லை, அதற்கு ஒரு படி கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ். சென்னை மருத்துவப் பணியில் சேர முயன்றார், இடம் கிடைக்கவில்லை. கடைசியில் ஆச்சண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் சொல்லிக் கொடுக்கப் போனார்.

இதே காலத்தில்தான் வீட்டில் இடி விழுந்தது. ஸ்ப்ரூ என்று ஒரு நோய். சாப்பிட்டது எதுவும் குடலில் ஒட்டாது. ஓயாத பேதி, நாக்குப் புண், ரத்தம் சுண்டி ஆள் எலும்பாகி விடுவார். அண்ணன் ஒருவரும் தம்பி ஒருவரும் அடுத்தடுத்து அதில் போய்விட்டார்கள். சுப்பாராவுக்கும் வந்தது. அவரை மட்டும் லட்சுமிபதியின் ஆயுர்வேத வைத்தியம் காப்பாற்றியது. அந்த நோய்க்கு என்ன காரணம், எந்தச் சத்து குறைகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று அவர் மனசுக்குள் விழுந்த முடிச்சு கடைசி வரை அவிழவே இல்லை.

1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். காக்கிநாடா மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் தருமத்தின் உதவி கொஞ்சம், மாமனார் பணம் கொஞ்சம். பாஸ்டனில் ஹார்வர்டு வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். எல்.எம்.எஸ்.ஸை வைத்துக்கொண்டு அங்கே டாக்டர் வேலை செய்ய முடியாது. வயிற்றுப்பாட்டுக்காக ஆஸ்பத்திரியில் ராத்திரி வேலைக்குப் போனார். நோயாளிகளின் மலஜலப் பாத்திரங்களை எடுத்துக் கழுவி வைக்கும் வேலை. நம்மில் எத்தனை பேர் ஒரு டாக்டர் சான்றிதழைப் பெட்டியில் வைத்துக்கொண்டு அதைச் செய்வோம், தெரியவில்லை.

பிறகு சைரஸ் ஃபிஸ்கே என்பவரின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் இடம் கிடைத்தது. 1925-இல் இருவரும் சேர்ந்து வெளியிட்டதுதான் நம்ம ரெக்கார்டு நோட்டு நீலம். அந்த முறை கையில் இருந்ததால்தான், 1927-இல் தசைக்குள்ளே பாஸ்போகிரியேட்டின் என்ற பொருள் இருப்பதையும், 1929-இல் ஏ.டி.பி. என்ற பொருளையும் அவர்களால் பிடிக்க முடிந்தது. ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதே ஆண்டில் ஏ.டி.பி.யைத் தனியாகக் கண்டார். கை அசைவதும் இதயம் துடிப்பதும் இந்த ஏ.டி.பி. தரும் சக்தியில்தான். 1930-இல் பிஎச்.டி. வந்தது. ஆனால் ஹார்வர்டு அவருக்கு நிரந்தர வேலை கொடுக்கவில்லை.

இந்த இடத்தில் ஈரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1926-இல் அதே பாஸ்டனில் மைனாட், மர்ஃபி என்ற இருவர், ரத்தம் வற்றிச் சாகும் ஒரு கொடிய சோகை நோய்க்கு ஈரலை உணவாகக் கொடுத்துக் குணப்படுத்தினார்கள். அதற்கு 1934-இல் நோபல் பரிசு. ஈரலுக்குள் இருக்கும் அந்தப் பொருள் எது? சுப்பாராவ் ஆண்டுக்கணக்கில் அதைத் தேடினார். தம்பியும் அண்ணனும் செத்ததும் ஒருவகை ரத்தச் சோகையில்தானே!

இந்தத் தேடலுக்கு இன்னொரு முனை நம் நாட்டிலேயே இருந்தது, அதுவும் துணி மில்லில். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டரம்மா 1928-இல் பம்பாய்க்கு வந்து, கர்ப்பிணிகளாக இருந்த பஞ்சாலைத் தொழிலாளிப் பெண்களின் ரத்தச் சோகையை ஆராய்ந்தார். நம்ம பக்கத்துக் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டிலும் வேலை செய்தார். ஈஸ்ட்டிலிருந்து செய்த மார்மைட்டைக் கொடுத்தால் அந்தப் பெண்களுக்கு ரத்தம் ஊறுகிறது என்று 1931-இல் எழுதினார். ஈரலிலும் ஈஸ்ட்டிலும் ஏதோ ஒரு சத்து இருக்கிறது. 1941-இல் அமெரிக்காவில் டன் கணக்கான பசலைக்கீரையை அரைத்து அதைப் பிரித்தவர்கள், ஃபோலிக் அமிலம் என்று பேர் வைத்தார்கள். இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பேர்.

சுப்பாராவ் 1940-இல் ஹார்வர்டை விட்டு நியூயார்க் மாநிலத்தில் உள்ள லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார். கொஞ்ச நாளில் அங்கே ஆராய்ச்சி முழுவதற்கும் அவர்தான் தலைவர். ஈரலிலிருந்து துளித்துளியாக எடுத்துக்கொண்டிருந்த ஃபோலிக் அமிலத்தை 1945-இல் அவருடைய குழு ஆய்வகத்திலேயே செய்து காட்டியது. இனி கிலோ கணக்கில் செய்யலாம். சில மாதங்களுக்குள் ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நாக்குப் புண் ஆறியது, ரத்தம் ஊறியது. சகோதரர்கள் போய் இருபது வருஷத்துக்கு மேலாகியிருந்தது.

அதே கம்பெனியில் அவர் காலத்தில் வந்த இன்னொரு மருந்து ஹெட்ராசான். யானைக்கால் நோய்க்கு நமக்குக் கொடுத்தார்களே, டி.இ.சி. மாத்திரை, அதேதான். ஆரியோமைசின் என்ற ஆன்ட்டிபயாட்டிக்கும் அங்கேதான் பிறந்தது. அதைப் பூஞ்சை மாதிரியான ஒரு மண் நுண்ணுயிரிலிருந்து எடுத்தவர் டக்கர் என்ற முதியவர். இவையெல்லாம் தனிக் கட்டுரைக்கு ஆகும்.

இப்போது புற்றுநோய்க்கு வருவோம். பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைச் சத்தைக் கொடுத்துப் பார்த்தார். நோய் தணியவில்லை. தீயில் நெய் ஊற்றின மாதிரி வேகமாக ஏறியது. பயங்கரமான அனுபவம், ஆனால் அதிலிருந்துதான் வழி பிறந்தது. சத்து கொடுத்தால் புற்று வளர்கிறது என்றால், அந்தச் சத்தைக் கிடைக்க விடாமல் செய்தால்? சுப்பாராவின் ஆட்கள் ஃபோலிக் அமிலத்தைப் போலவே இருக்கும் போலிகளைச் செய்து அனுப்பினார்கள். அவற்றில் ஒன்று அமினோப்டெரின். அதன் தம்பிதான் இன்றைக்கும் உபயோகத்தில் இருக்கும் மெத்தோட்ரெக்ஸேட்.

போலி எப்படி வேலை செய்கிறது? நிட்டிங் மெஷின் ஓட்டியவர்களுக்குச் சட்டென்று புரியும். சிலிண்டரில் ஊசி உட்காரும் காடியில், கொக்கி உடைந்த ஊசியைச் சொருகி வைத்தால் என்ன ஆகும்? காடியில் சரியாகத்தான் பொருந்தும், மேலே கீழே போகும், ஆனால் நூலைப் பிடிக்காது. கண்ணி விழாது. அந்த ஊசி இருக்கிற வரை நல்ல ஊசிக்கும் அங்கே இடமில்லை. உயிரணு இரண்டாகப் பெருக டி.என்.ஏ. செய்ய வேண்டும். அதற்கு ஃபோலிக் அமிலம் ஒரு ஊசி. போலி அந்த இடத்தை அடைத்துக்கொள்கிறது. வேகமாகப் பெருகுகிற புற்று அணு முதலில் அடிபடுகிறது. வேகமாகப் பெருகும் நல்ல அணுக்களும் சேர்ந்து அடிபடும். வாய்ப்புண்ணும் ரத்தம் குறைவதும் கீமோதெரபியில் வருவதற்கு அதுதான் காரணம்.

1948 ஜூன் மாதம் ஃபார்பர் முடிவை வெளியிட்டார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் பின்வாங்கியிருந்தது. கொஞ்ச நாளைக்குத்தான், நோய் திரும்பி வந்தது. ஆனாலும் ஒரு மருந்தால் ரத்தப் புற்றைப் பின்னுக்குத் தள்ள முடிகிறது என்று உலகம் முதன்முதலாகப் பார்த்தது. இரண்டே மாதம், 1948 ஆகஸ்டில் ஒருநாள் தூக்கத்திலேயே மாரடைப்பில் சுப்பாராவ் போய்விட்டார். வயது 53. ஈரலில் அவர் தேடிய சோகை நோய்ச் சத்து, வைட்டமின் பி-12, அதே 1948-இல் வேறு கம்பெனிக்காரர்கள் கையில் அகப்பட்டது.

சேஷகிரியம்மாள் இங்கேயே இருந்தார். பிறந்த ஒரே மகன் கைக்குழந்தையிலேயே இறந்துவிட்டான். கப்பலேறிய கணவர் பிறகு ஊர் திரும்பவே இல்லை. கடிதத்திலும் பணத்திலும் ஓடிய கால் நூற்றாண்டுக் குடும்ப வாழ்க்கை அது. பெரிய மனிதர்களின் வரலாற்றில் இந்தக் கணக்கை யாரும் எழுதி வைப்பதில்லை. எனக்கு இதில் அவர்மேல் வருத்தம் உண்டு.

சரி, நம் நண்பர்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

சுப்பாராவ் காட்டிய போலி வழியில் 1957-இல் ஹைடல்பெர்கர் என்பவர் வேறொரு போலியைச் செய்தார். டி.என்.ஏ.வுக்கு வேண்டிய இன்னொரு பொருளின் நகல், ஃபைவ்-எஃப்.யூ. என்பார்கள். கணையப் புற்றுக்கு ரொம்ப நாள் இருந்த மருந்து இது ஒன்றுதான், பலனும் சொற்பம். 1990-களின் பின்பாதியில் ஜெம்சிட்டபைன் வந்தது, அதுவும் போலி வகைதான். சராசரி ஆயுள் நாலரை மாதத்திலிருந்து ஐந்தரை மாதத்துக்குக் கொஞ்சம் மேலே நகர்ந்தது. நாற்பது வருஷத்து உழைப்புக்கு ஒரு மாதம்! 2011-இல் பிரெஞ்சு டாக்டர்கள் நாலு மருந்தைச் சேர்த்து ஃபால்ஃபிரினாக்ஸ் என்று கொடுத்தார்கள். பரவிய நோயில் 6.8 மாதம் 11.1 மாதம் ஆயிற்று. அறுவை சிகிச்சை செய்துகொள்ள முடிந்தவர்களுக்கு, அதற்குப் பிறகு இதையே கொஞ்சம் மாற்றிக் கொடுத்தபோது 35 மாதம் 54 மாதமாக உயர்ந்தது என்று 2018-இல் வெளியிட்டார்கள். நம் நண்பரின் ஃபைலிலும் எழுதியிருந்தது அதே பேர்தான். அந்தப் பேரின் முதல் எழுத்துகளான ‘ஃபால்’, ஃபோலினிக் அமிலத்தைக் குறிக்கும். சுப்பாராவின் ஃபோலிக் அமிலத்துக்கு நெருங்கிய சொந்தம். கொக்கி உடைந்த ஊசியைக் காடியிலிருந்து நழுவாமல் இறுக்கிப் பிடிப்பது அங்கே அதன் வேலை.

அப்புறம் ஏன் கேக்கலை? கணையம் வயிற்றுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் உறுப்பு. நோய் தெரியும்போது அறுவை சிகிச்சைக்கு ஏற்ற நிலையில் இருப்பவர்கள் நூற்றுக்கு 15, 20 பேர்தான். விப்பிள் என்ற அமெரிக்கர் 1935-இல் விவரித்த பெரிய ஆபரேஷனை இன்று தேர்ந்த கைகள் செய்தால் மேஜையிலும் அதை ஒட்டியும் இறப்பவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. ஆனால் அந்த மேஜைக்கு நேரத்தில் போய்ச் சேர வேண்டுமே! கட்டியைச் சுற்றி நார் நாராக ஒரு கெட்டிச் சுவர் வேறு, மருந்தைச் சரியாக உள்ளே விடாது.

நம்ம பக்கத்தில் ஒரு பழக்கத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கண் மஞ்சளானால் பச்சிலை கொடுத்துப் பத்தியம் இருப்போம். வைரஸால் வரும் சாதாரணக் காமாலை எப்படியும் சில வாரத்தில் தானாக இறங்கும், பேர் பச்சிலைக்குப் போகும். சுப்பாராவையே நாட்டு வைத்தியம்தான் பிழைக்க வைத்தது, ஆகவே அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஐம்பது, அறுபது வயதுக்கு மேல் வலியே இல்லாமல் காமாலை வந்து, உடம்பு அரித்து, மலம் வெளுத்துப் போனால், கணையத்தின் தலைப்பக்கம் கட்டி பித்தக்குழாயை அடைத்திருக்கலாம். அன்றைக்கே ஸ்கேன் எடுக்க வேண்டும். நண்பர் ஆறு வாரம் பத்தியம் இருந்தார். திடீரென்று புதிதாகச் சர்க்கரை வந்து எடையும் குறைந்தால் அதையும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஈரலின் கதை வேறு. சுப்பாராவுக்கு மருந்தையே கொடுத்த ஈரலுக்கு, அவர் வழி வந்த போலி மருந்துகள் பெரிதாகப் பயன்படவில்லை. விஷத்தை முறிப்பதே அதன் தொழில். கீமோ மருந்துக்கும் எளிதில் மசிவதில்லை. புற்று வரும் ஈரல் பெரும்பாலும் ஏற்கெனவே சுருங்கிக் கெட்டுப்போன ஈரல், கடுமையான மருந்தைத் தாங்கவும் தாங்காது. மெத்தோட்ரெக்ஸேட்டே ஈரலைக் கெடுக்கும் என்பதால், மூட்டுவாதத்துக்கு அதைச் சாப்பிடுகிறவர்களுக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்கிறார்கள். 2007-இல் சொராஃபெனிப் மாத்திரை வந்து சராசரியாக மூன்று மாதம் கூட்டியது. 2020-இல் உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் ஊசியும், கட்டிக்குப் போகும் ரத்தக் குழாய்களைத் தடுக்கும் ஊசியுமாகச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்து, சராசரி ஆயுள் ஒன்றரை வருஷத்தைத் தாண்டியது. கட்டி சின்னதாக இருக்கும்போதே கண்டால் வெட்டி எடுக்கலாம், சுட்டு அழிக்கலாம், மாற்று ஈரல் வைக்கலாம். ஈரல் சுருங்கியவர்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கச் சொல்வது அதற்காகத்தான். மஞ்சள் காமாலை-பி தடுப்பூசி நம் நாட்டில் குழந்தைகளுக்கு அரசுத் திட்டமாக 2002-இல் சில இடங்களில் தொடங்கி 2011-இல் எல்லா மாநிலத்துக்கும் வந்தது. நம் வயதுக்காரர்களும், கம்பெனிகளில் இன்று நடுவயதில் இருக்கிற டைலர்களும் சாயப்பட்டறை ஆட்களும் அந்தத் திட்டத்துக்கு முந்திப் பிறந்தவர்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் பி, சி இரண்டும் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இரண்டுக்குமே இப்போது மாத்திரை இருக்கிறது. குடியைப் பற்றி நான் தனியாக எழுத வேண்டாம், சனிக்கிழமை சம்பள ராத்திரி நம்ம ஊர் எப்படி இருக்கும் என்று எல்லோரும் பார்த்ததுதான்.

சுப்பாராவுக்கு நோபல் பரிசு வரவில்லை. போலி மருந்து வழியில் மேலும் பல மருந்துகளைச் செய்த எலியன், ஹிட்சிங்ஸ் இருவருக்கும் 1988-இல் வந்தது. ஒரு பூஞ்சைக்கு அவர் பேரை வைத்திருக்கிறார்கள், சுப்பாரோமைசஸ். 1995-இல் நூற்றாண்டுக்காக இந்திய அரசு ஒரு தபால் தலை வெளியிட்டது. அதில் ஒன்று என்னிடம் இருக்கிறது. சந்திப்பு அன்றைக்கு எடுத்து வருகிறேன், பார்க்க ஆசைப்படுகிறவர்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேளுங்கள்.